தங்கும் விடுதியில் மனிதக் கடத்தலைக் கண்டால்: கோலாலம்பூர், பினாங்கு விடுதிகளுக்கான செய்முறை

மூன்றாவது மாடியில் அறை துடைக்கும் அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒருவர் பெயரில் எடுத்த அறையில் ஐந்து பல் துலக்கும் பிரஷ் கிடப்பதையும், பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் கதவு இரவு பதினொன்றுக்கு மேல் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து மூடுவதையும் மேலாளருக்கு முன்பே அவர் அறிவார். ஆனால் வாய் திறக்க மாட்டார். அவருடைய பெர்மிட் ஏஜென்ட் கையில் இருக்கும். போன மாதம் எதையோ சொன்னபோது சூப்பர்வைசர் "உன் வேலையை மட்டும் பாரு" என்று விரட்டியிருப்பார். போலீஸ் வந்தால் முதலில் தன்னிடம்தான் பாஸ்போர்ட் கேட்பார்கள் என்ற பயமும் உண்டு.

பெரும்பாலான விடுதிகள் மனிதக் கடத்தல் விழிப்புணர்வு என்ற பெயரில் அடையாளங்களின் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. பட்டியலுக்கு இங்கே பஞ்சமில்லை. பார்த்தவரிடமிருந்து தொலைபேசி வரைக்கும் போகும் வழிதான் அடைத்துக் கிடக்கிறது. சௌகிட், மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், ஜார்ஜ்டவுன் லெபோ சூலியா, பட்டர்வொர்த் ஆகிய இடங்களில் இருபது முப்பது அறைகளோடு நடக்கும் பட்ஜெட் ஹோட்டலுக்கும் சரிப்படும்படி அந்த வழியைத் திறப்பது எப்படி என்று கீழே சொல்லியிருக்கிறோம்.

சட்டம் எங்கே நம்மைத் தொடுகிறது

இந்த விஷயத்தில் மலேசியாவின் அடிப்படைச் சட்டம், 2007இல் வந்த மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டம், அதாவது 670ஆம் சட்டம். ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக, பேச்சுவழக்கில் அட்டிப்சோம் (ATIPSOM) சட்டம். 2010இல் குடியேறிகளைத் திருட்டுத்தனமாக எல்லை கடத்தும் குற்றமும் இதில் சேர்ந்தது. 2015இலும் 2022இலும் திருத்தங்கள் வந்தன. ஒருவரை வேலைக்கு எடுப்பது, கொண்டு வருவது, ஏற்றிச் செல்வது, தங்க வைப்பது போன்ற ஒரு செயல். மிரட்டல், ஏமாற்று, கடன், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது போன்ற ஒரு வழி. சுரண்டல் என்ற நோக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால் மனிதக் கடத்தல். சுரண்டல் என்பது பாலியல் தொழிலோடு முடிவதில்லை. கட்டாய உழைப்பு, அடிமைத்தனம், சட்டவிரோத வேலையில் தள்ளுவது, உடலுறுப்பை எடுப்பது எல்லாம் அதில் அடங்கும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் மிரட்டியதையோ ஏமாற்றியதையோ காட்டத் தேவையில்லை. "அவங்களே சம்மதிச்சுத்தான் வந்தாங்க" என்ற பேச்சு இந்தச் சட்டத்தின் முன் செல்லாது. 16ஆவது பிரிவு அதை நேரடியாகவே சொல்கிறது.

விடுதிக்காரர் கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. ‘தங்க வைப்பது’ என்பதே குற்றத்தின் ஒரு பகுதி. தெரிந்தே இடம் கொடுப்பது, கடத்தியவரையோ கடத்தப்பட்டவரையோ மறைத்து வைப்பது, குற்றம் நடந்ததை அறிந்தும் வேண்டுமென்றே தகவல் தராமல் இருப்பது ஆகியவை தனித்தனிக் குற்றங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2020 முதல் விடுதி ஊழியர்களுக்குக் குறைந்தது 20 நிமிடப் பயிற்சியையும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மறுபயிற்சியையும் சட்டமாகவே வைத்திருக்கிறது. இங்கே நம்மைக் கட்டும் கயிறு வேறு: கண்டும் காணாமல் இருந்ததற்கு நாமே பதில் சொல்ல வேண்டும்.

மற்ற சட்டங்களும் அதே முகப்பில் வந்து சேர்கின்றன. விருந்தினர் பதிவேடு வைக்கச் சொல்வது 1965ஆம் ஆண்டின் விருந்தினர் பதிவுச் சட்டம். சட்டவிரோதமாக நாட்டில் இருப்பவரைத் தன் இடத்தில் இருக்க அனுமதிப்பவருக்குக் குடிநுழைவுச் சட்டத்தின் 55இ (55E) பிரிவு ஆள் ஒன்றுக்கு 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கிறது, சிறையும் உண்டு. அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருந்தால், 1966ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் தகவல் தராதவருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் 5,000 ரிங்கிட் வரை அபராதம் போடுகிறது. ‘தெரியும்’ என்ற சொல்லுக்கு மேலாளர் என்றும் கூட்டுபவர் என்றும் பேதமில்லை.

முகப்பில் இரண்டு நிமிடம்

இரவு பதினோரு மணி. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மூன்று பாஸ்போர்ட்டைக் கட்டாகப் பிடித்துக்கொண்டு முகப்பில் நிற்கிறார். இரண்டு பெண்கள் சற்றுத் தள்ளி சோபா ஓரத்தில் தலை குனிந்து நிற்கிறார்கள். இதில் தப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அக்காள் தங்கைகளைக் கூட்டிக்கொண்டு வந்த அண்ணனாகவும் இருக்கலாம். கேள்வி கேட்டுத் துருவ வேண்டாம். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று:

"அண்ணே, தங்குறவங்க எல்லாரையும் பதியணும். முடிச்சதும் அவங்கவங்க கையில குடுத்துடுறேன்."

பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிந்த பிறகு, உள்ளே இருக்கும் பெயரைச் சொல்லி ஒவ்வொருவரையும் அழைத்து, முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டு, அவரவர் கையில் நேராகக் கொடுங்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிறாரா, வேறு பெயருக்குப் பழகியவர் போல் விழிக்கிறாரா? கையில் வாங்கியதும் தன் பைக்குள் வைக்கிறாரா, அல்லது அந்த ஆள் உடனே கை நீட்டி மறுபடி கட்டுக்குள் சேர்க்கிறாரா? எல்லா விருந்தினருக்கும் இதே நடைமுறை என்றால் யாருக்கும் சந்தேகம் வராது, நல்ல விருந்தினருக்கு அவமானமும் இல்லை. வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவதால், குடியுரிமையை எப்படியும் பார்த்தாக வேண்டும். அதையே காரணமாகச் சொல்லலாம்.

அறை எடுத்தவரின் ஐசியை (அடையாள அட்டையை) மட்டும் பதிந்துவிட்டு ‘கூட 2 பேர்’ என்று எழுதுவதுதான் நம் ஊர் விடுதிகளில் நடக்கும் பெரிய பிழை. பின்னால் போலீஸ் கேட்கும்போது அந்த இரண்டு பேருக்குப் பெயரே இருக்காது. அடுத்த பிழை, வைப்புத்தொகைக்குப் பதிலாகப் பாஸ்போர்ட்டை வாங்கி டிராயரில் போடுவது. நாம் வைத்திருந்தாலும் அது அடுத்தவர் பாஸ்போர்ட்தான். 50 ரிங்கிட்டோ 100 ரிங்கிட்டோ ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சாவி அட்டையும் ஆளுக்கொன்று என்று வையுங்கள். ஓர் அறையில் நான்கு பேர் தங்கும்போது ஒருவர் மட்டும் "ஒரே கார்டு போதும், என்கிட்ட குடுங்க" என்று அடம் பிடித்தால் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் ரொக்கமாகக் கட்டி ஒரு நாள் ஒரு நாளாக நீட்டிப்பது, தங்காத மூன்றாமவர் வந்து பணம் கட்டுவது, பின்படிக்கட்டுக்குப் பக்கத்து அறைதான் வேண்டும் என்பது, இணையத்தில் ஒரு பெயரில் பதிவு செய்து வேறு ஆள் வந்து நிற்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் பெரிதாக எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்தால் ஷிப்ட் குறிப்பில் ஏற வேண்டும்.

சிறுவர் சிறுமியர் உடன் வந்தால் அவர்களுக்கும் பதிவு உண்டு. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட மலேசியப் பிள்ளைக்கு மைகிட் அடையாள அட்டை, பன்னிரண்டு ஆனவருக்கு மைகாட் அடையாள அட்டை. எதுவும் இல்லை என்றால் பிறப்புச் சான்றிதழின் படத்தையாவது கைப்பேசியில் காட்டச் சொல்லலாம். பெற்ற அப்பா முதலில் கொஞ்சம் எரிச்சல்படுவார், பிறகு காட்டிவிடுவார். பிள்ளையிடம் "பேரு என்ன பாப்பா? எந்த ஸ்கூல்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். எல்லாக் கேள்விக்கும் பக்கத்தில் இருப்பவரே முந்திக்கொண்டு பதில் சொன்னால் அதையும் எழுதுங்கள்.

யாரைச் சந்தேகிக்கக் கூடாது

இதைத் தவறாகச் செய்தால் தீங்குதான். தனியாகத் தங்கும் பெண், திருநங்கை, கலப்புத் தம்பதி, கறுத்த தோலுள்ள இளைஞர், வியட்நாமியப் பெண் ஆகியோரின் தோற்றத்தை வைத்து மட்டும் புகார் செய்வது விழிப்புணர்வு அல்ல, பாகுபாடு. ‘இந்தியர் வேண்டாம்’ என்ற வாடகை வீட்டு விளம்பரங்களில் நம்மவர்களே அனுபவித்த வலி அது. ஊழியர்களுக்கு ஒரே ஓர் அளவுகோல் கொடுங்கள்: ‘இவர் யார்’ என்று பார்க்காதே, ‘இவருக்குத் தன் காகிதம், தன் பணம், தன் கைப்பேசி, தன் போக்குவரத்து ஆகியவை தன் கையில் இருக்கின்றனவா’ என்று பார். நான்கும் இன்னொருவர் கையில் இருந்தால் அது அடையாளம்.

அறைகளில்

எந்த அறையையும் 48 மணி நேரத்துக்கு மேல் ஊழியர் பார்க்காமல் விடக் கூடாது என்று விதி வைத்து, அறை எடுக்கும்போது கையெழுத்து வாங்கும் சீட்டிலேயே அச்சிட்டுவிடுங்கள். ‘தொந்தரவு செய்யாதீர்’ அட்டை தொங்கினாலும் இரண்டாம் நாள் மாலைக்குள் இரண்டு ஊழியர் சேர்ந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும். சாக்கு எளிதானது: குளிர்சாதனத்தில் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். விதி எழுத்தில் இல்லை என்றால், சந்தேகம் உள்ள அறையை மட்டும் தட்டுவது போலாகி, உள்ளே இருப்பவர் உஷாராகி அன்று இரவே அறையைக் காலி செய்துவிடுவார்.

உள்ளே என்ன பார்ப்பது? பதிந்ததைவிட அதிக ஆட்களின் பொருள்கள். குப்பையில் அளவுக்கு மீறிய ஆணுறை உறைகள். ஒரே நாளில் எட்டுப் பத்துத் துவாலை கேட்டு, அதையும் கதவிடுக்கில் கை மட்டும் நீட்டி வாங்குவது. ஜன்னலை உள்ளிருந்து திரையோடு ஒட்டி வைத்திருப்பது. மேசையில் பல கைப்பேசிகள், ரொக்கக் கட்டு, பெயர்களும் தொகைகளும் எழுதிய நோட்டு. கைப்பேசியே இல்லாத ஒரு பெண், அறையிலேயே இருந்தும் மூன்று நாளாக அதே உடை. மறுபடியும் சொல்கிறோம், ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள். எதையும் தொட்டுப் புரட்டவோ, நோட்டைத் திறந்து படிக்கவோ வேண்டாம். கண்ணில் பட்டது போதும்.

கட்டாய உழைப்பு பெரும்பாலும் பார்வையிலிருந்து தப்பிவிடுகிறது, ஏனென்றால் அதில் ‘அசிங்கம்’ எதுவும் தெரியாது. நான்கு பேருக்கான அறையில் பத்து ஆண்கள் தரையில் படுத்திருப்பார்கள். விடியற்காலை ஐந்துக்கு ஒரு வேன் வந்து ஏற்றிப் போகும், நள்ளிரவுக்கு மேல் கொண்டு வந்து விடும். வாரம் ஏழு நாளும் அப்படியே. ஒரே ஓர் ஆள் எல்லார் பாஸ்போர்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருப்பார். இவர்களில் தமிழ்நாட்டிலிருந்து உணவகத்திலோ கடையிலோ வேலை என்று சொல்லிக் கூட்டி வரப்பட்டவர்களும் இருப்பார்கள். தமிழ் பேசும் ஊழியருக்கு இங்கே தனிப் பொறுப்பு உண்டு, வேறு யாரிடமும் வராத சொல் அவரிடம்தான் வரும். "அக்கா, இது எந்த ஊரு?" என்று ஒரு தம்பி கேட்டால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாமல் ஒருவர் நான்கு நாளாகத் தங்கியிருக்கிறார் என்றால், அதுவே பெரிய அடையாளம். "சம்பளம் இன்னும் வரல, லெவிக்குப் பிடிச்சிட்டாங்க" (லெவி என்பது வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் வரி), "ஊருக்குப் போகணும்னா எட்டாயிரம் கட்டணுமாம்" போன்ற பேச்சை வார்த்தை மாறாமல் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மியன்மார், கம்போடியா பக்கம் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட மலேசிய இளைஞர்களில் பலர், ‘வாடிக்கையாளர் சேவை’ வேலை, கைநிறையச் சம்பளம் என்று நம்பிப் புறப்பட்டவர்கள். விமான நிலையத்துக்குப் போகுமுன் ஓரிரவு விடுதியில் தங்கும் இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் பேங்காக் டிக்கெட் இருக்கும். வேலை தரும் கம்பெனியின் பெயர் கேட்டால் தெரியாது.

எழுதுவதும் அழைப்பதும்

கெட்ட குறிப்பு இப்படி இருக்கும்: ‘308 அறையில் தப்பான தொழில் நடக்கிறது போல.’ இதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது, தவறு என்றால் அவதூறு. நல்ல குறிப்பு: ‘செவ்வாய், இரவு 11.10. அறை 308. ஒருவர் பெயரில் பதிவு. உள்ளே மூன்று பெண்கள். 11.10 முதல் 1.00 வரை வெவ்வேறு ஆண்கள் ஐந்து பேர், ஆளுக்குச் சுமார் 20 நிமிடம். வெள்ளை மைவி கார், எண் குறித்துள்ளேன். பச்சைச் சட்டைப் பெண் துவாலை வாங்கும்போது ‘‘தோலோங்’’ (மலாயில் உதவி) என்றார்.’ கண்டதும் கேட்டதும் மட்டும், நேரத்தோடு. உங்கள் ஊகம் வேண்டாம்.

இந்தக் குறிப்பு ஊழியர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகவே கூடாது. குழுவில் இருக்கும் யாரோ ஒருவருக்கு அந்த ஆள் டிப்ஸ் கொடுத்திருப்பார். பத்து நிமிடத்தில் செய்தி அறைக்குப் போய்விடும். படம் எடுத்து முகநூலிலோ டிக்டாக்கிலோ போடுவது பாதிக்கப்பட்டவரின் வாழ்க்கையை அழிப்பதற்குச் சமம். பணியில் இருக்கும் மேலாளர் ஒருவர், அவர் இல்லாவிட்டால் மாற்றாள் ஒருவர், இரண்டு பெயர் போதும். மேலாளரே உடந்தை என்று தோன்றினால் ஊழியர் தானே நேராக அழைக்கலாம் என்பதையும் பயிற்சியில் சொல்லிவிடுங்கள். தகவல் தந்தவரின் அடையாளத்தைக் காக்கும் விதி 670ஆம் சட்டத்திலேயே இருக்கிறது.

அடி, இரத்தம், ஆயுதம், அலறல், அல்லது குழந்தை என்றால் யோசிக்காமல் அவசர எண் 999. உடனடி ஆபத்து இல்லை, ஆனால் சந்தேகம் வலுவாக இருக்கிறது என்றால் தாலியான் காசே என்ற அரசு உதவி எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். 019-2615999 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பும் உண்டு. பெண்கள், குழந்தைகள் தொடர்பான பாலியல் குற்றங்களை விசாரிப்பது போலீஸின் டி11 பிரிவு. உழைப்புச் சுரண்டல் என்றால் தொழிலாளர் துறைக்கும் தெரிவியுங்கள். கோலாலம்பூர் பக்கம் தெனாகானிதா அமைப்பு குடியேறித் தொழிலாளர் விஷயத்தில் நீண்ட காலமாக வேலை செய்கிறது.

அழைக்கும்போது பயன்படுத்தும் சொல் முக்கியம். ‘பெலாச்சுரான்’ என்று சொன்னால் அது விபசாரப் புகாராகப் பதிவாகும். சோதனைக்கு வருபவர்கள் அந்தப் பெண்ணையே குற்றவாளியாகப் பிடித்துக்கொண்டு போகலாம். ‘டிஷாக்கி பெமெர்டாகாங்ஙான் ஓராங்’, அதாவது மனிதக் கடத்தல் என்று சந்தேகிக்கிறோம் என்று சொல்லுங்கள். ‘அட்டிப்சோம்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு விடுதி பெயர், சாலை, மாடி, அறை எண், உள்ளே எத்தனை பேர், வண்டி எண், லிப்ட் எங்கே, பின்வாசல் எங்கே என்று வரிசையாக. இந்த வரிசையை ஒரு சீட்டில் அடித்து முகப்புத் தொலைபேசிக்குக் கீழே ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த விடுதியின் சாலைப் பெயரே மறந்துபோகும்.

போலீஸ் வரும்வரை கதவைத் தட்டாதீர்கள், லிப்டை நிறுத்தாதீர்கள், அந்த ஆளை மடக்கிப் பிடிக்கவும் முயலாதீர்கள். அவர் கிளம்பினால் போகவிட்டு, வண்டி எண்ணையும் போன திசையையும் குறித்து மறுபடி அழையுங்கள். வீரத்தனமாகக் கதவை உடைத்து உள்ளே போனால், அடி விழுவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் பெண்ணுக்குத்தான், அன்றோ அடுத்த ஊரிலோ.

அவரே வந்து உதவி கேட்டால்

முகப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் அறைக்கு உடனே கூட்டிப் போங்கள். கணக்கு அறை, துணி அடுக்கும் அறை, எதுவானாலும் உள்ளிருந்து பூட்ட முடிய வேண்டும். கூட ஒரு பெண் ஊழியர் இருக்கட்டும். தண்ணீர் கொடுங்கள். பெயர், வேறு யாரும் அறையில் இருக்கிறார்களா, காயம் உண்டா என்ற மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். முழுக்கதையையும் நாம் கேட்டால் அவர் அதையே போலீஸிடம், டாக்டரிடம், வழக்கறிஞரிடம் என்று நான்கு தடவை சொல்ல வேண்டி வரும். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு விவரம் மாறும், வழக்கில் அதுவே ஓட்டையாகும். மொழி புரியவில்லை என்றால் கூட வந்தவரை மொழிபெயர்க்க விடவே கூடாது. "உங்க அண்ணன்னு சொல்றார், பேசிப் பார்க்கிறீங்களா?" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அவருடைய பெரிய பயம் ‘நான் பெர்மிட் இல்லாதவள், என்னைத்தான் பிடிப்பார்கள்’ என்பது. கடத்தப்பட்டவர் என்று உறுதியானால், சட்டவிரோதமாக நுழைந்ததற்காகவும் போலிப் பயண ஆவணத்துக்காகவும் அவர்மீது வழக்குப் போடக் கூடாது என்று 670ஆம் சட்டத்தின் 25ஆவது பிரிவு சொல்கிறது. முதலில் 21 நாள் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கிடைக்கும், அதற்குள் விசாரணை நடக்கும். இதைச் சொல்லலாம். ஆனால் "உங்களுக்கு ஒன்னும் ஆகாது, நாளைக்கே ஊருக்கு அனுப்பிடுவாங்க" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது நம் கையில் இல்லை.

ஆதாரத்தைக் காப்பது

சிசிடிவி பதிவு, பதிவுப் பெட்டியின் கொள்ளளவைப் பொறுத்து ஏழு நாளிலிருந்து முப்பது நாளுக்குள் தானாக அழிந்து, அதன்மேல் புதியது பதிவாகும். போலீஸ் மூன்று வாரம் கழித்து வந்து கேட்கும்போது ‘அழிந்துவிட்டது’ என்பதுதான் வழக்கமான பதில். சந்தேகக் குறிப்பு எழுதிய அன்றே முகப்பு, லிப்ட், அந்த மாடி, வாகன நிறுத்தம் ஆகிய நான்கு கேமராவின் பதிவையும் பென்டிரைவில் எடுத்து, தேதி எழுதி உறையில் ஒட்டி, பெட்டகத்தில் வையுங்கள். இன்னொரு சிக்கல் பெட்டியின் கடிகாரம். மின்சாரம் போய் வந்தால் நேரம் பின்தங்கிவிடும், பதினைந்து நிமிடம் பிசகிய பதிவும் பதிவேடும் நீதிமன்றத்தில் ஒன்றையொன்று பொய்யாக்கும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கைப்பேசி நேரத்தோடு சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள்.

மின்பூட்டுக்கும் நினைவகம் உண்டு. எந்த அட்டை எப்போது திறந்தது என்று கையடக்கக் கருவியால் எடுக்கலாம். சில நூறு திறப்புகளுக்குப் பிறகு பழையது போய்விடும் என்பதால் அந்த அறையை அடுத்த விருந்தினருக்குக் கொடுக்கும் முன்பே எடுக்க வேண்டும். போலீஸ் பார்த்து முடிக்கும்வரை அறையைச் சுத்தம் செய்யக் கூடாது. சந்தேக ஆள் காலி செய்துவிட்டால் குப்பைப் பையைக் கட்டி அறைக்குள்ளேயே வைத்துக் கதவை மூடுங்கள். வழக்கம்போல் பத்து மணிக்குள் அறையைச் சுத்தம் செய்து அடுத்தவருக்குத் தயாராக்கிவிட்டால் ஆதாரம் துணி வெளுக்கும் லாரியில் போய்விடும்.

முதலில் நம் சொந்த வீடு

துப்புரவு வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருக்கும் விடுதி, அறை எண் 308ஐப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் தன் ஊழியர் குடியிருப்பை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். கட்டாய உழைப்புக்கு அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 11 அடையாளங்களை வகுத்திருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, கடனில் கட்டிப்போடுவது, நடமாட்டத்தைத் தடுப்பது, அளவுக்கு மீறிய கூடுதல் நேரம் ஆகியவை அவற்றில் சில. நம் ஊரில் இவற்றில் மூன்று நான்கு ‘வழக்கமான நிர்வாகம்’ என்ற பெயரில் நடக்கிறது.

ஊழியர்களைத் தனித்தனியாக, ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் இல்லாத நேரத்தில் கேளுங்கள்: பாஸ்போர்ட் யாரிடம்? போன மாதம் கையில் வந்தது எவ்வளவு? பிடித்தம் எதற்கு? வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா? ‘பாதுகாப்புக்காக ஆபிஸ்ல வச்சிருக்கோம்’ என்பது பதிலாகாது. ஆளுக்கொரு பூட்டுப்பெட்டி கொடுத்து, சாவியை அவரிடமே கொடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். 2023இலிருந்து வாரத்துக்கு 45 மணி நேர வேலை, கூடுதல் நேரம் மாதத்துக்கு 104 மணிக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால் மூன்று மாதச் சம்பளம் வரைக்கும் வேலை கொடுத்த விடுதியும் பொறுப்பு. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தின் 90பி பிரிவு கட்டாய உழைப்பையே தனிக் குற்றமாக்கிவிட்டது. 100,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தன் பாஸ்போர்ட்டே தன் கையில் இல்லாத ஒரு துப்புரவுப் பணியாளர், அடுத்தவரின் பாஸ்போர்ட்டைப் பற்றி உங்களிடம் வந்து சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

பயிற்சி

ஷிப்ட் தொடங்கும் முன் இருபது நிமிடம் போதும். ஆனால் அது அவர்கள் மொழியில் இருக்க வேண்டும்: தமிழ், மலாய், நேபாளி, வங்காளம், பர்மியம், யார் வேலை செய்கிறார்களோ அந்த மொழி. ஆங்கிலத்தில் ஸ்லைடு ஓட்டிக் கையெழுத்து வாங்குவது கோப்புக்கு மட்டும் பயன்படும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் தொழில் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, புதியவருக்கு முதல் வாரத்திலேயே. இரவுக் காவல்காரர், வண்டி நிறுத்துபவர், துணி வெளுக்க எடுத்துப் போகும் தம்பி ஆகியோரை விட்டுவிடாதீர்கள். பின்வாசலில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். முடிவில் ஒருவரை முகப்புத் தொலைபேசியில் போலியாக அழைக்கச் சொல்லி, மற்றவர் கேள்வி கேட்க வேண்டும். வாயால் ஒரு தடவை சொல்லிப் பார்த்தவர்தான் அன்றைக்குத் தடுமாறாமல் பேசுவார்.

15999 எண்ணைச் சின்ன அட்டையாக அடித்துப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், முகப்புக் கழிப்பறையிலும் ஊழியர் கழிப்பறையிலும். கண்காணிப்பில் இருக்கும் ஒரு பெண் தனியாக இருக்கும் ஒரே இடம் அதுதான். பெரிய சுவரொட்டியாக முகப்பில் மாட்டினால் அவரோடு வருபவர்தான் முதலில் படிப்பார்.

எண் பூட்டுப் பெட்டியில் சாவி வைத்துவிட்டு விருந்தினரை முகம் பாராமல் உள்ளே விடும் குறுகிய கால வாடகை அடுக்குமாடி வீடுகளுக்கும் இதெல்லாம் பொருந்தும். அங்கே முகப்பே இல்லாததால் கைப்பேசியில் ஒரு நிமிட வீடியோ அழைப்பில் தங்கும் எல்லாரையும் பார்த்த பிறகே பூட்டைத் திறக்கும் எண்ணை அனுப்புங்கள். கீழே இருக்கும் காவலரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

புகார் சொன்ன அக்காவுக்குப் பிறகு என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை. போலீஸ் வந்து போன மறுநாள் அவரைத் தனியாக அழைத்து, சொல்லக் கூடிய அளவுக்குச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பு தவறாகவே போயிருந்தாலும் எழுதியது சரிதான் என்று சொல்லுங்கள். உள் அறிக்கையில் அவர் பெயருக்குப் பதிலாகப் பணியாளர் எண்ணை எழுதுங்கள். அந்த மாடியிலிருந்து அவரை ஒரு மாதத்துக்கு வேறு மாடிக்கு மாற்றுங்கள். தப்பிப் போன கும்பல் யார் பார்த்தார்கள் என்று தேடி வருவதுண்டு.